சூசா ஐயாவின் ஊரில் கடைசி இரவு

பினாங்கு, சூலியா தெரு. ஹாஸ்டல் கட்டிலில் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். நாளை காலை இங்கிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து திருச்சி. பட்ஜெட் விமானம் என்பதால் கையில் ஏழு கிலோதான் கொண்டுபோகலாம். ரிசப்ஷனில் இருந்த கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தால் ஒன்பது கிலோ நானூறு கிராம் காட்டுகிறது.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் வேறு வந்துகொண்டே இருக்கிறது. அத்தைக்குக் கோடாலித் தைலம் ஆறு பாட்டில். பெரியப்பாவுக்கு டைகர் பாம். சித்திக்கு மைலோ. "நம்மூர்லயே கிடைக்குதே சித்தி" என்றால், "அந்த ஊர் மைலோ வேற ருசிடி" என்கிறார். அம்மா மட்டும் "நீ நல்லபடியா வந்து சேர்ந்தா போதும்" என்று அனுப்பினார். இரண்டு நிமிடம் கழித்து, "பினாங்குல ஜாதிக்காய் ஊறுகாய் நல்லாருக்குமாமே?" என்று இன்னொன்று வந்தது.

மொத்தம் 41 நாட்கள். வியட்நாம் 14, கம்போடியா 8, தாய்லாந்து 12, மலேசியா 7. இரண்டு வருடம் சேர்த்த பணத்தில் 1,42,000 ரூபாய் செலவு. பாதி நாட்கள் சம்பளமில்லா விடுப்பு. "வாரம் தவறாமல் எழுதினால் போய் வா" என்று ஆசிரியர் சொல்லித்தான் அனுப்பினார். ஆறு வாரமாக இந்தப் பக்கத்தில் ரயில், பஸ், சாப்பாடு, விசா என்று எழுதிவந்தேன். நீங்கள் அதிகம் கேட்ட கேள்வி, "தனியாப் போறியே, பயமா இல்லையா?" என்பது. இருந்தது. ஹனோயில் முதல் நாள் சாலையைக் கடக்கவே பத்து நிமிடம் நின்றேன். புனோம்பென்னில் ஒரு இரவு காய்ச்சலோடு படுத்திருந்தபோது, யாராவது ரசம் வைத்துத் தரமாட்டார்களா என்று அழுகை வந்தது. ஆனால் 41 நாளில் ஒருவர்கூட என்னிடம் தவறாக நடக்கவில்லை. வழி கேட்டால் கூடவே வந்து காட்டியவர்கள்தான் அதிகம். அம்மா இதை நம்பமாட்டார், ஆனாலும் பதிவு செய்துவிடுகிறேன்.

பயணம் முடியும் நேரத்தில் எது மனதில் நிற்கும் என்று கிளம்பும் முன்பே கற்பனை செய்து வைத்திருந்தேன். அங்கோர்வாட் சூரிய உதயம் நிற்கும் என்று நினைத்தேன். காலை ஐந்து மணிக்குக் குளக்கரையில் இடம்பிடித்துப் படமும் எடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்றிரவு பையின் முன் உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வருபவை வேறு இரண்டு இடங்கள்.

ஒன்று, சைகோனில் இருக்கும் மாரியம்மன் கோயில். இன்று அந்த நகரத்துக்கு ஹோ சி மின் என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் பாண்டிச்சேரியிலிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் போன நம்மவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். 1975-ல் போர் முடிந்து ஆட்சி மாறியதும் பெரும்பாலானவர்கள் கிளம்பிவிட்டார்கள். இப்போது கோயிலில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்களில் அநேகம் பேர் வியட்நாம் பெண்கள். அம்மன் அங்கேயே இருக்கிறாள், கூட்டிக்கொண்டு போனவர்கள்தான் இல்லை.

இன்னொன்று, தாய்லாந்தின் காஞ்சனபுரி. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் ராணுவம் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டது. 1943 அக்டோபரில் வேலை முடிந்தது. போர்க்கைதிகளோடு, மலாயா ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்களையும் ஆசை காட்டியும் மிரட்டியும் கொண்டுபோனார்கள். காலராவும் பட்டினியுமாக ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்த ஊரில் நேசநாட்டு வீரர்களுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய ஏழாயிரம் கல், பலவற்றில் பெயர், வயது, வீட்டார் எழுதிய ஒரு வரி. நான் ஒவ்வொரு வரிசையாக நடந்தேன். செத்த நம் ஆட்களுக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை. அது ராணுவத்தினருக்கான இடம், அவர்கள் கூலிகள். எந்த ஊர், என்ன பெயர் என்றுகூட எழுதி வைக்கப்படாமல் போனவர்கள்.

அன்று ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் வீட்டுக்குத் திரும்பப் போகிற தேதியை டிக்கெட்டில் எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

பயணத்தின் கடைசி ஊராகப் பினாங்கை வைத்ததற்குக் காரணம் என் ஐயா, அப்பாவைப் பெற்றவர். அறந்தாங்கிப் பக்கம் எங்கள் ஊரில் இன்றும் எங்கள் வீட்டுக்கு 'மலாயாக்காரர் வீடு' என்றுதான் பெயர். ஐயா 1951-ல், 17 வயதில், தாய்மாமனோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை. நடுவில் மூன்று முறை லீவில் வந்தார். ஒரு லீவில் கல்யாணம். கடைசி லீவுக்குப் பிறகு அப்பா பிறந்தார். 1970-ல் ஐயா ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அப்பாவுக்கு இரண்டு வயது. "யாரும்மா இவரு?" என்று கேட்டாராம்.

ஐயா 2009-ல் இறந்தார். எனக்கு அப்போது பத்து வயது. எனக்குத் தெரிந்த ஐயா, சாயங்காலமானால் கட்டம் போட்ட கைலியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கையில் காசு இருக்கும் நாளில் மில்க்மெய்டு வாங்கிவரச் சொல்லி, அதில் டீ போடச் சொல்வார். கிழவருக்கு இனிப்பு ஆசை என்று எல்லோரும் கேலி செய்வார்கள். உட்காரும்போதும் எழும்போதும் "சூசா... சூசா..." என்பார். மற்ற தாத்தாக்கள் "முருகா" என்பதுபோல இவருக்கு இப்படி ஒரு சத்தம் என்று நினைத்தோம். பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் 'சூசா ஐயா'. நாங்கள் அவர் எதிரிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு "சூசா, சூசா" என்று நடித்துக் காட்டுவோம். அவரும் சிரிப்பார்.

பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் கிளம்பி, காலையில் எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் ஸ்டேஷனில் இறங்கினேன். அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு வேறு ரயில், பிறகு படகில் ஏறினால் பினாங்குத் தீவு. அந்த இரண்டாவது ரயிலில் என் எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள். 41 நாள் பயணத்தில் சுற்றிலும் தமிழ் கேட்டது அன்றுதான் என்பதால், வெட்கமில்லாமல் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தேன். மகனுக்கு வேலை கிடைக்காததைப் பற்றிப் பேச்சு. ஒருவர் சொன்னார்: "இப்ப வேலை கிடைக்கிறது ரொம்ப சூசா லா."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அக்கா, சூசான்னா என்ன?"

"கஷ்டம்மா. மலாய்ல சூசான்னா கஷ்டம். நாங்க தமிழ்லயே கலந்து பேசிடுவோம்."

பட்டர்வொர்த் வரும்வரை நான் எதுவும் பேசவில்லை. முப்பத்தொன்பது வருடம் ஒரு மனுஷன் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து "கஷ்டம், கஷ்டம்" என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் அதற்கு நடித்துக் காட்டியிருக்கிறோம்.

பினாங்கில் ஐயா வேலை பார்த்த கடையைத் தேடினேன். கடையின் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது. 'கடைத்தெரு' என்று மட்டும் அப்பா சொன்னார். இங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட்டை நம் ஆட்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் 1833-ல் கட்டிய மாரியம்மன் கோயில். இரண்டு தெரு தள்ளி, தமிழ் முஸ்லிம்கள் 1801-ல் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நான் தங்கியிருக்கும் சூலியா தெருவின் பெயரே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறிக்கும் சொல்தான். மல்லிகைப் பூ, மசாலா வாசனை, பழைய பாட்டு, வேட்டி தொங்கும் துணிக்கடைகள் என்று தெரு அப்படியே நம்மூர்போல இருக்கிறது. இதில் எது ஐயாவின் கடை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

என்னிடம் இருந்த ஒரே துப்பு, மொபைலில் இருந்த ஒரு படம். அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு சிவப்பு அடையாள அட்டை உண்டு. ஐயாவின் இளவயது முகம், கைரேகை. சின்ன வயதில் அதை வைத்து நாங்கள் கண்டக்டர் விளையாட்டு விளையாடியிருக்கிறோம். கிளம்பும் முன் அதைப் படம் எடுத்து வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு டீக்கடையில், பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவரிடம் அதைக் காட்டினேன். எண்பது வயது இருக்கும். அவருக்கு வந்த டீயில் டின் பால் அடியில் கெட்டியாகத் தங்கியிருந்தது. மில்க்மெய்டு விஷயமும் அப்போதுதான் புரிந்தது. இந்த ஊர் டீயே டின் பாலில்தான் போடுகிறார்கள்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சிவப்பு ஐசி மா இது."

"அப்படின்னா?"

"குடியுரிமை இருந்தா நீலம். இல்லாதவங்களுக்குச் சிவப்பு. ஒங்க தாத்தா எப்ப ஊருக்குப் போனாரு?"

"1970."

"ம்..." என்று மொபைலைத் திருப்பிக் கொடுத்தார். "அந்த வருஷம் நிறையப் பேர் போனாங்க. எங்க மாமாவும் போனாரு. போனாங்கன்னு சொல்றதா, அனுப்பினாங்கன்னு சொல்றதா, தெரியல மா."

அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்று 1968-ல் சட்டம் வந்திருக்கிறது. 1969 மே 13 கோலாலம்பூர் கலவரத்துக்குப் பிறகு அது கடுமையாக அமலானது. பல வருடம் அங்கேயே உழைத்தவர்களுக்கும் பெர்மிட் கிடைக்கவில்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கப்பல்தான். தோட்டங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வருடங்களில் மூட்டை கட்டினார்கள்.

எங்கள் வீட்டில் சொல்லப்படும் கதை வேறு. "பிள்ளையப் பார்க்கணும்னு ஆசைப்பட்டு, நல்ல வேலைய விட்டுட்டு வந்துட்டாரு." இதைச் சொல்லித்தான் அப்பாவை வளர்த்திருக்கிறார்கள். அப்பாவும் அதைப் பெருமையாக எங்களிடம் சொல்வார்.

ஐயாவைப் போனதும் வந்ததும் சுமந்தது ராஜூலா கப்பல். 1926-ல் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. டெக்கில் மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச்செல்ல அனுமதி பெற்ற கப்பல். நாகப்பட்டினத்தில் கரைக்கு வராமல் கடலிலேயே நிற்கும், படகில் போய் ஏற வேண்டும், இறங்க வேண்டும். அதன் பிறகு எம்.வி.சிதம்பரம் ஓடியது. 1985-ல் நடுக்கடலில் தீப்பிடித்த பிறகு அந்தப் பயணிகள் கப்பல் போக்குவரத்தே நின்றுபோனது. எனக்குக் கோலாலம்பூரிலிருந்து திருச்சி நான்கு மணி நேரம். ஐயாவுக்கு ஏறக்குறைய ஒரு வாரம், நாலாபக்கமும் கடல். அந்த ஒரு வாரம் டெக்கில் உட்கார்ந்து என்ன நினைத்திருப்பார் என்று இந்த நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று இரவு ஒன்பது மணிக்குத் துறைமுகப் பக்கம் போனேன். ஊரில் ஆறரை, அப்பத்தா விளக்கேற்றிவிட்டுத் திண்ணைக்கு வரும் நேரம். வீடியோ காலில் தம்பி போனைப் பிடித்துக்கொள்ள, அப்பத்தா முகம் முழுக்கத் திரையில் தெரிந்தது. அப்பத்தாவுக்கு இப்போது 84 வயது.

"அப்பத்தா, ஒனக்கு என்ன வாங்கிட்டு வர?"

"எனக்கு என்னத்துக்குடி. அந்த ஊரக் காட்டு."

போனைத் திருப்பினேன். துறைமுகத்துக்கு எதிரே வெள்ளையாக ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருடம் ஆனதற்காக அறுபது அடி உயரத்தில் கட்டியது. அப்பத்தா சட்டென்று, "அந்த மணிக்கூண்டு! அது பக்கத்துல நின்னுதான் போட்டா எடுத்து அனுப்பினாரு. கல்யாணத்துக்கு முந்தி" என்றார். குரல் இருபது வயதுப் பெண்ணுடையதாக இருந்தது.

இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று கேட்டுவிட்டேன். "அப்பத்தா, ஐயா ஆசைப்பட்டா திரும்பி வந்தாரு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன்.

"குடியுரிமைக்கு எழுதிப் போட்டாரு. கிடைக்கல. அதுக்கு முன்னாடியே என்னைய அங்க வரச்சொல்லிக் கடுதாசி மேல கடுதாசி. பொண்டாட்டி பிள்ளை அங்க இருந்தா வழி கிடைக்கும்னு யாரோ சொல்லிருக்காக. நான்தான் கடல் தாண்ட மாட்டேன்னுட்டேன். எங்காத்தா படுத்த படுக்கையா கெடந்துச்சு, விட்டுட்டு எப்படி வர? அப்புறம் ஒரு நாளு பெட்டியோட வந்து நின்னாரு. ஏன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல. ஊரே கூடி, என்ன கொண்டாந்தீகன்னு பெட்டியத் தொறந்து பாத்துச்சு. ரெண்டு கம்பளி, ஒரு ரேடியோ, தைலம்."

"அப்பத்தா... சூசான்னா என்ன தெரியுமா?"

"தெரியாமலா. வந்த மறுநாளே கேட்டேன், சொன்னாரு. நீங்கள்லாம் சிரிச்சீக, ஒங்க ஐயாவும் சிரிச்சாரு. சிரிக்கிற மனுசனக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

தம்பி போனை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் இதெல்லாம் இன்றுதான் தெரியும்.

"ஊரு நல்லாத்தான்டி இருக்கு" என்றார் அப்பத்தா, இன்னும் திரையையே பார்த்துக்கொண்டு. "போயிருக்கலாம்." பிறகு உடனே, "சரி, பாத்தாச்சு. ராத்திரில அங்க நிக்காத. ரூமுக்குப் போ. பத்திரமா வந்து சேரு" என்று வைத்துவிட்டார்.

ரூமுக்கு வந்து பையைக் கொட்டிவிட்டு உட்கார்ந்ததுதான். இப்போது மணி பதினொன்றரை. ஹுவே மழையில் வாங்கிய கோட், தேய்ந்த செருப்பு, பாதி ஷாம்பு எல்லாவற்றையும் ஹாஸ்டல் கூடையில் போட்டுவிட்டேன். தராசு இப்போது ஆறு கிலோ எழுநூறு காட்டுகிறது. கோடாலித் தைலம் மூன்றுதான், அத்தை மன்னிக்கவும்.

திரும்பி வருகிறவர்களிடம் நாம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, 'என்ன கொண்டு வந்தே?' என்பதுதான். அதில் தப்பில்லை, அன்பாகத்தான் கேட்கிறோம். ஐயாவிடமும் அதைத்தான் கேட்டார்கள். எதை விட்டுவிட்டு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் என்பது சின்ன விஷயமில்லை. ஒரு தெரு, ஒரு டீக்கடை, நண்பர்கள், பேசிப் பழகிய இன்னொரு மொழி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர். அந்த மொழியில் மிச்சமிருந்த ஒரே சொல்லை எங்களுக்குத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. 'உங்களைப் பார்க்கத்தான் வந்தார்' என்ற கதையோடு ஐம்பத்தைந்து வருடம் வாழ்ந்தவர். ஆனால் அது பொய்க்கதை என்றும் எனக்குத் தோன்றவில்லை. அனுப்பிவைக்கப்பட்டவருக்கும் போய்ச்சேர ஒரு பிள்ளை இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்த கூட்டத்தில், "யாரும்மா இவரு?" என்று கேட்டவரைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததாகத்தான் அப்பத்தா எப்போதும் சொல்வார். திருச்சியிலிருந்து அறந்தாங்கி போகும் காரில் அப்பாதான் பக்கத்தில் இருப்பார். மெதுவாகப் பேசிப்பார்க்கிறேன்.

உங்கள் வீட்டிலும் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரேயடியாகத் திரும்பி வந்த ஓர் அப்பா, ஒரு மாமா, ஒரு சித்தி இருக்கலாம். அங்கே எந்தத் தெருவில் இருந்தார்கள், யாரோடு சாப்பிட்டார்கள், கடைசி நாள் யார் வந்து வழியனுப்பினார்கள் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேளுங்கள். எனக்குத் திண்ணையில் பத்து வருடம் வாய்ப்பு இருந்தது, நான் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

விமானத்துக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது. அடுத்த வாரம் ஊரிலிருந்து எழுதுகிறேன், அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து.